நாற்பத்து மூன்று ஜோடிச் செருப்பு

நாகலூர் காவேரிக்கு எதன் மேலும் லேசில் நம்பிக்கை வராது. பஸ் கண்டக்டர் கொடுக்கும் டிக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். காலையில் வெயில் சுள்ளென்று அடித்தால், சாயங்காலம் என்ன செய்யத் திட்டம் போட்டிருக்கிறது என்று வானத்தை முறைப்பாள். புருஷன் ராமசாமி ஒரு நாள் தானாகவே பாத்திரம் கழுவி வைத்துவிட்டார். என்ன தப்புப் பண்ணிவிட்டு வந்தீர்கள் என்று மூன்று நாள் விசாரணை நடந்தது. இனிமேல் கழுவ மாட்டேன் என்று கும்பிட்ட பிறகுதான் அவரை விட்டாள்.

இந்தச் சந்தேகத்தால் ஊருக்கு நன்மைதான். காவேரி வீட்டை ஒட்டி இருக்கும் சிமெண்டுக் களம்தான் அந்தப் பக்கத்திலேயே பெரியது. அவளையும் சேர்த்து நாற்பத்து மூன்று வீட்டுக் காபி அதில்தான் காயும். யார் மூட்டையிலும் ஒரு கல் இருக்காது, ஒரு கொட்டை இடம் மாறாது.

களத்துக்கு ஒரே ஒரு சட்டம். செருப்புக் கால் படக் கூடாது. இது காவேரி போட்டதல்ல. விளைந்ததைக் கொட்டுகிற இடத்தில் சாமி இருக்கிறது என்பது ஏற்காட்டு மலையில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. வி.ஏ.ஓ. வந்தாலும் வாசலில் கழற்றிவிட்டுத்தான் வர வேண்டும். ஒரு முறை கட்சிக்காரர் ஒருவர் வெள்ளைச் செருப்போடு உள்ளே கால் வைத்தார். அன்றைக்கு அவர் ஓட்டுக் கேட்காமலேயே திரும்பிப் போனார்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் பெல்வாரா என்கிற வெளிநாட்டுக் கம்பெனி அந்தக் களத்துக்கு வந்தது. முப்பத்தோரு நாட்டில் காபி விற்கிற கம்பெனி. ஒரு நீல மேசை, ஓர் எடை எந்திரம், ஒரு போர்டு, வாசல் கம்பத்தில் ஒரு கேமரா. அவ்வளவுதான் அவர்கள் கொண்டுவந்தது. கூடவே ஓர் ஒப்பந்தம். கம்பெனி வந்து எடுக்கும்வரை மூட்டையை வேறு யாருக்கும் விற்கக் கூடாது, விற்றால் களத்தின் மேலேயே வழக்குப் போடலாம் என்று அதில் இருந்தது. காவேரி அதை ஒன்பது தடவை படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டாள். அப்படியும் அன்று ராத்திரிச் சோறு இறங்கவில்லை.

மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து எடை போட்டவன் சத்யராஜ். சேலத்துக்காரன், முப்பத்தைந்து வயது, இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். அவன் பெல்வாராவின் ஆள் என்றுதான் ஊரில் நினைத்தார்கள். அவனும் முதல் வருஷம் அப்படித்தான் நினைத்தான். உண்மையில் அவன், பெல்வாராவுக்கு ஆள் கொடுக்கிற கம்பெனிக்கு ஆள் கொடுக்கிற கம்பெனியின் ஆள். நிரந்தரம் செய்யுங்கள் என்று எழுதிக் கேட்ட போதெல்லாம், சிஸ்டத்தில் உங்கள் பெயரே இல்லையே என்று பதில் வந்தது. களப் பணியில் இருப்பவர்கள் கேமராவில் தெரியக் கூடாது என்று உத்தரவு வேறு. அதனால் அவன் ஷூவைக் கழற்றி ஒரு மஞ்சள் பையில் போட்டு, கேமராவுக்கு நேர் கீழே, அதன் கண்ணில் படாத இடத்தில் உட்கார்ந்து வேலை பார்த்தான்.

இந்த வருஷம் பொங்கலுக்கு முந்தின வாரமே இருநூற்றுப் பன்னிரண்டு மூட்டை தயார். லாரி வரவில்லை. பொங்கல் போயிற்று, லாரி வரவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை சத்யராஜ் மட்டும் வந்தான்.

"அக்கா, துல்லியா செகப்புப் போட்டுருச்சுங்க."

"ஆரு சாமி அவ?"

"ஆளு இல்லீங்கக்கா. இந்த வருஷம் புதுசா வந்த சாப்ட்வேர். கம்பெனிக்கு எந்தெந்த நாட்டுல வரி இருக்குது, எங்க இல்லைன்னு பாத்துச் சொல்றது."

"வரி இருக்கற எடத்தைச் சொல்றதுக்கு எதுக்கு சாப்ட்வேரு? அதான் நோட்டீசு வருமே."

"இல்லாத எடத்தைத்தானுங்க அது முக்கியமாப் பாக்கும்."

காவேரியின் கண் சுருங்கியது. அவன் விளக்கினான். பெல்வாராவுக்கு இந்த மலையில் அலுவலகமும் இல்லை, ஆளும் இல்லை என்றுதான் அரசாங்கத்துக்குச் சொல்லியிருக்கிறார்கள். இருந்தால் லாபத்துக்கு இங்கேயும் வரி கட்ட வேண்டும். இல்லாததால் லாபம் முழுவதும் ஏதோ ஒரு தீவில் விளைகிறது. வாசல் கேமரா திங்கட்கிழமைதோறும் காலை பத்து மணிக்கு ஒரு போட்டோ எடுத்துத் துல்லியாவுக்கு அனுப்பும். திங்கள் எடை போடும் நாள். வீட்டுக்கு ஒரு ஆள் வந்து நிற்பார்கள். துல்லியா வாசலில் கிடந்த செருப்பை எண்ணியது. நாற்பத்து மூன்று ஜோடி. நாற்பத்து மூன்று பணியாளர்கள் உள்ள நிரந்தர அலுவலகம் என்று எழுதிவிட்டது. அது பச்சை காட்டும்வரை லாரி வராது.

"அந்தத் தீவுல எத்தனை ஜோடிச் செருப்பு இருக்குது?" என்று காவேரி கேட்டாள்.

"ஒரு தபால் பெட்டிதானுங்க இருக்குது."

"காபிச் செடி?"

"மணலுங்க."

செருப்புப் போடாமல் வந்திருந்தால் இந்த வம்பே இல்லை என்று ராமசாமி சொன்னார். காவேரி பார்த்த பார்வையில் அவர் மாட்டைப் பார்க்கப் போய்விட்டார்.

வியாழக்கிழமை சென்னையிலிருந்து வரி இணக்கப் பிரிவின் மேலாளர் சுஜாதா வந்தார். நல்ல மாதிரியான பெண்மணி. வளைவில் வந்ததில் வாந்தி எடுத்திருந்தாலும் முகம் சிரித்தபடி இருந்தது. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, தேள் இருக்கிறதா என்று பார்ப்பதுபோல அதை ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டு வந்தார்.

"காவேரிம்மா, ஒன்று புரிந்துகொள்ளுங்கள். வரி விஷயத்தில் எங்களைப் போல அக்கறையுள்ள கம்பெனி உலகத்திலேயே கிடையாது. வரி கட்டுவதற்கு எங்களிடம் இரண்டு பேர் இருக்கிறார்கள். கட்ட வேண்டாம் என்று கண்டுபிடிப்பதற்கு நானூறு பேர் இருக்கிறோம். அவ்வளவு அக்கறை."

வழி சுலபம் என்றார். அடுத்த திங்கள் பத்து மணிக்கு வாசலில் ஒரு செருப்பும் கிடக்கக் கூடாது.

அப்படியே செய்தார்கள். நாற்பத்து மூன்று ஜோடியையும் மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் ஒளித்து வைத்தார்கள். பத்து மணிக்குக் கேமரா கண்ணடித்தது. பத்து மணி ஒரு நிமிஷத்துக்குக் காவேரியின் போனில் செய்தி வந்தது.

"மலைக்கிளைத் தலைவர் அவர்களுக்கு வணக்கம். உங்கள் கிளையின் நாற்பத்து மூன்று பணியாளர்களும் இன்று முன்னறிவிப்பின்றி விடுப்பில் உள்ளனர். விளக்கம் தேவை."

அந்த இடத்தில் அதிக நேரம் இருக்கும் போன் யாருடையது என்று துல்லியா பார்த்திருக்கிறது. அதிக நேரம் இருப்பவர்தான் தலைவர் என்று அதற்கு யாரோ சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அன்று முதல் காவேரிக்குச் செய்தி வந்தபடியே இருந்தது. உங்கள் குழுவினரின் மனநிலை எப்படி இருக்கிறது, ஐந்து நட்சத்திரத்தில் மதிப்பிடுக. தீ விபத்துப் பயிற்சி எப்போது நடந்தது. லிப்ட் வேலை செய்கிறதா. காவேரி ஒவ்வொன்றையும் சத்யராஜிடம் படித்துக் காட்டி, இதில் என்ன சூது இருக்கிறது என்று கேட்டாள்.

இதற்கிடையில் பனி இறங்க ஆரம்பித்தது. கொட்டையில் ஈரம் பதினோரு சதவீதத்துக்கு மேல் போனால் கம்பெனி மூட்டையைத் தொடாது. ஈரம் பார்க்கும் மீட்டர் பத்தேமுக்கால் காட்டியது. வெயில் தலைகாட்டும் போதெல்லாம் இருநூற்றுப் பன்னிரண்டு மூட்டையையும் அவிழ்த்துக் கொட்டி, கிளறி, மறுபடி கட்டினார்கள். நான்கு நாளில் மூன்று தடவை. ஒரு மத்தியானம் பக்கத்து வீட்டு ராணி மூட்டை கட்டி முடித்துவிட்டுக் கையைத் தேய்த்துக்கொண்டு நின்றாள். புருஷன் இல்லாதவள். போன மழையில் போன கூரைத் தகரத்தை இந்தக் காபியை வைத்துத்தான் மாற்ற வேண்டும்.

"அக்கா, அஞ்சு மூட்டைங்க. கம்பெனிய எனக்குத் தெரியாது. உங்கள நம்பித்தான் போட்டனுங்க."

காவேரி உள்ளே போய்விட்டாள். யாரையும் நம்பாதவளை ஒரு ஊரே நம்பியிருந்தது. அவளுக்கு அழுகை வந்தது, அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது.

சென்னையிலிருந்து அடுத்த யோசனை வந்தது. மேசைதான் பிரச்சினையாம். ஒரே இடத்தில் நின்றால் அது அலுவலகம். நகர்ந்துகொண்டே இருந்தால் அது வெறும் மேசை. ஆகையால் மேசைக்குச் சக்கரம் மாட்டி, தினம் ஒன்பதடி நகர்த்த வேண்டும். நகர்கிறதா என்று பார்க்க அதன் அடியில் ஒரு சிப் ஒட்டினார்கள். ராமசாமி காலையில் எழுந்ததும் மாட்டை ஒரு பக்கம் கட்டுவார், மேசையை ஒரு பக்கம் தள்ளுவார்.

நாகலூரில் சமதளம் என்பது காவேரி களம் மட்டும்தான் என்பது சென்னைக்குத் தெரியாது. நான்காம் நாள் மேசை களத்தின் விளிம்பைத் தாண்டியது. அப்புறம் அதை யாரும் தள்ள வேண்டியிருக்கவில்லை. பஸ் ரோடு வழியாக, முதல் வளைவில் திரும்பாமல், ரேஷன் கடைச் சுவரில் போய்த்தான் நின்றது. கடையில் அரிசி வாங்க நின்றவர்கள், இதுவும் திட்டத்தில் சேர்ந்ததுதான் போலிருக்கிறது என்று அதன் மேல் பைகளை வைத்துக்கொண்டார்கள். காவேரியின் போன் கிணுகிணுத்தது.

"வாழ்த்துகள்! நாகலூரில் உங்கள் இரண்டாவது கிளை திறக்கப்பட்டுள்ளது. வாடிக்கையாளர் வருகை சிறப்பாக உள்ளது."

இதை விசாரிக்க ஆறு பேர் கொண்ட குழு வந்தது. வந்தது திங்கட்கிழமை. கால் வைத்தது பத்து மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது. ஊர்ச் செருப்புகள் எல்லாம் கொட்டகைக்குப் பின்னால் இருக்க, ஆறு ஜோடி பளபளவென்ற தோல் ஷூக்கள் மட்டும் வாசலில் வரிசையாக இருந்தன. சத்யராஜ் ஏதோ சொல்ல வாயெடுத்தான். சிஸ்டத்தில் இல்லாதவர் பேசுவதை அவர்கள் கேட்கிற வழக்கம் இல்லை. கேமரா கண்ணடித்தது.

துல்லியா இதற்கு முன் இவ்வளவு நல்ல ஷூவை நாகலூரில் பார்த்ததில்லை. மலைக்கிளையைத் தெற்காசியத் தலைமையகம் என்று மாற்றி எழுதியது. காவேரிக்குப் பதவி உயர்வு வந்தது. இலங்கையிலிருந்து யாரோ ஒருவர் அவளிடம் போனில் விடுமுறை கேட்டார். காவேரி கொடுக்கவில்லை.

மீட்டர் பத்து புள்ளி ஒன்பது காட்டிய சனிக்கிழமை காலையில், கம்பெனியின் உலகளாவிய இணக்கத் தலைவரே பரிவாரத்தோடு வந்து இறங்கினார். பெயர் சந்திரசேகர். பிறந்தது சேலம், இருப்பது சிங்கப்பூர், சம்பளம் வருவது அந்தத் தீவிலிருந்து. களத்துக்குள் ஷூவோடு வரக் காவேரி விட மாட்டாள். வாசலில் கழற்றி வைக்கத் துல்லியா விடாது. சனிக்கிழமை கேமரா எடுக்காது என்று சொன்னாலும் அவருக்கு நம்பிக்கை வரவில்லை. காவேரிக்கே அவர் மேல் ஒரு நிமிஷம் மதிப்பு வந்தது. கடைசியில் ஷூவைக் கழற்றி, குழந்தையைத் தூக்குவது மாதிரி மார்போடு அணைத்துக்கொண்டு களத்தின் நடுவில் நின்று பேசினார். ஊரே உட்கார்ந்து கேட்டது.

"நேர்மைதான் எங்கள் அடித்தளம். முப்பத்தோரு நாட்டில் இதுவரை நாங்கள் ஒரு சட்டத்தைக்கூட மீறியதில்லை. மீற வேண்டுமானால் முதலில் அந்த நாட்டில் நாங்கள் இருக்க வேண்டும் அல்லவா? நாங்கள் எங்குமே இல்லை! விற்கிற இடத்தில் இல்லை, வாங்குகிற இடத்தில் இல்லை. இந்த உயரத்தை எட்ட எங்களுக்கு நாற்பது வருஷம் பிடித்தது. அதை நாற்பத்து மூன்று ஜோடிச் செருப்புக்காக விட்டுவிட முடியுமா?"

ராமசாமி கை தட்டினார். காவேரி திரும்பிப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டார்.

சந்திரசேகர் பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தார். அதன் பெயர் இன்மைச் சான்று. இந்த இடத்தில் பெல்வாரா இல்லை என்பதற்குச் சான்று. அதில் ஒரே ஒரு சிக்கல். சம்பந்தப்பட்ட கிளையின் தலைவர் கையெழுத்துப் போட்டால்தான் துல்லியா ஏற்றுக்கொள்ளும்.

காவேரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். பதினோரு பக்கம். சந்திரசேகர் ஷூவை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு நின்றார். முக்கால் மணி நேரம் ஆயிற்று.

"ஏனுங்க, இதுல ஆளு இல்ல, மேசை இல்ல, களம் இல்லைன்னு போட்டிருக்குதுங்க. நாங்க இருக்கறமுங்களே."

"இருக்கிறீர்கள் அம்மா, யார் இல்லை என்றார்கள்? எங்களைப் பொறுத்தவரை இல்லை."

"மூட்டைங்க?"

"மூட்டையும் இல்லை. எங்கள் சரக்கு இங்கே கிடந்தால் இது கிடங்கு என்று ஆகிவிடும். ஏழாவது பத்தி."

காவேரி ஏழாவது பத்தியைப் படித்தாள். மறுபடி படித்தாள். மூன்று வாரமாக அவள் முகத்தில் இருந்த சுருக்கம் ஒன்று மெதுவாக விலகியது. ராமசாமி அதைக் கவனித்துப் பயந்துபோனார்.

"அப்ப நாங்க போட்ட ஒப்பந்தமுங்க?"

"இல்லாத இடத்தில் ஒப்பந்தம் எப்படி அம்மா இருக்கும்? இருந்தால் அதுவே எங்களுக்கு எதிரான சாட்சி. துல்லியா முதலில் அழிக்கப்போவதே அதைத்தான்."

"நா படிக்காதவ மாதிரிங்க. நொம்ப சந்தேகப்படுவேன். அதையுங் கொஞ்சம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துருங்க. அப்பத்தான் எனக்கு மனசு ஆறும்."

அவர் சந்தோஷமாக எழுதினார். ஒப்பந்தம் இல்லை, இதற்கு முன்பும் இருந்ததில்லை என்று எழுதி, தேதி போட்டு, கையெழுத்தும் போட்டார். இவ்வளவு ஒத்துழைப்புக் கொடுத்த கிளைத் தலைவரை நான் எந்த நாட்டிலும் பார்த்ததில்லை என்று காவேரியைப் புகழ்ந்தார். காவேரி இன்மைச் சான்றில் பதினோரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டு, நகல் ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டாள். துல்லியா பச்சை காட்டியது. போர்டையும் எடை எந்திரத்தையும் மேசையையும் அவர்கள் கையோடு ஏற்றிக்கொண்டு போனார்கள். திங்கள் காலை லாரி வரும் என்று சொல்லிவிட்டு, வண்டியில் ஏறிய பிறகுதான் சந்திரசேகர் ஷூவைக் கீழே வைத்தார்.

வண்டி வளைவு திரும்பியதும் காவேரி ஏற்காட்டு வியாபாரி சிங்கராயருக்குப் போன் போட்டாள். அவர் நம்பவில்லை. வெளிநாட்டுக் கம்பெனிச் சரக்கைத் தொட்டு நான் கோர்ட்டுக்கு அலையவா என்று கேட்டார். வந்து பாருங்க என்றாள். வந்து, இரண்டு காகிதத்தையும் வெயிலில் பிடித்துப் பார்த்துவிட்டு, தலையில் கை வைத்துச் சிரித்தார். மூன்று மணிக்கு அவருடைய இரண்டு லாரியும் களத்து வாசலில் நின்றன. ராணியின் ஐந்து மூட்டையைக் காவேரி முதலில் ஏற்றச் சொன்னாள். விலை கம்பெனி சொன்னதற்குக் கொஞ்சம் மேலேயே இருந்தது. அதிலும் அவளுக்கு ஒரு சந்தேகம்தான்.

திங்கட்கிழமை ஒன்பதே முக்காலுக்குக் கம்பெனி லாரி வந்தது. சத்யராஜ் குதித்து இறங்கினான். களம் துடைத்து விட்டாற்போல இருந்தது. அவன் பதறிப்போய் மஞ்சள் பையை லாரியிலேயே விட்டுவிட்டு, ஷூவை வாசலில் உதறிவிட்டு உள்ளே ஓடி வந்தான்.

"அக்கா, மூட்டை எங்கீங்க?"

"எந்த மூட்டை சாமி?" என்றாள் காவேரி. அவனைப் பார்க்கவும் பாவமாக இருந்தது. "ஏழாவது பத்தியப் படிக்கலியா நீயி?"

அவன் சுஜாதாவுக்குப் போன் செய்தான். நாகலூர் களத்தில் கம்பெனிச் சரக்கைக் காணோம் என்றான். நாகலூர் என்று சிஸ்டத்தில் எதுவுமே இல்லையே என்றார் அவர். புகாராவது எழுதிக்கொள்ளுங்கள் என்றான். காணாமல் போனது என்று எழுதினால் முன்பு இருந்தது என்று ஆகிவிடும், அதை மட்டும் செய்துவிடாதீர்கள் என்று அவர் கெஞ்சினார். அப்படியானால் நான் என்ன செய்வது என்று கேட்டான். யார் பேசுவது என்று கேட்டார். அவன் பெயரைச் சொன்னான். அந்தப் பெயரும் சிஸ்டத்தில் இல்லை என்று போனை வைத்துவிட்டார்.

சத்யராஜ் களத்து விளிம்பில் உட்கார்ந்தான். மூன்று வருஷமாக அவன் உட்கார்ந்த இடத்தில் இப்போது மேசையின் நான்கு கால் தடம்தான் இருந்தது. காவேரி உள்ளே போய்க் காபி கொண்டுவந்து கொடுத்தாள். குடித்துக்கொண்டிருக்கும்போது மணி பத்து ஆயிற்று. வாசல் கம்பத்தில் கேமரா கண்ணடித்தது. சனிக்கிழமை அவ்வளவு பேர் வந்து எல்லாவற்றையும் இல்லை என்று எழுதினார்கள். அந்தக் கேமராவை மட்டும் எழுத மறந்துவிட்டார்கள். காவேரியின் போன் கிணுகிணுத்தது.

"நாகலூரில் ஒரு பணியாளர் கண்டறியப்பட்டார். பதவி: நிரந்தரம். இரண்டு வார வருகை பதிவானதும் பணி ஆணை வரும். இவர் உங்கள் ஆள்தானா என்று தலைவர் உறுதிசெய்யவும்."

காவேரி படித்துவிட்டுப் போனை அவனிடம் நீட்டினாள். அவன் ஒரு தடவை படித்தான். எழுத்துக் கூட்டுவதுபோல மெதுவாக இன்னொரு தடவை படித்தான். பிறகு வாசலைப் பார்த்தான். லாரி டிரைவர் ஹாரன் அடித்தார்.

"அக்கா," என்றான். "அந்த ஷூ ரெண்டு வாரத்துக்கு இங்கியே கெடக்கட்டுங்களா?"

காவேரி கேமராவைப் பார்த்தாள். ஷூவைப் பார்த்தாள். போனை வாங்கி, ஆம் என்கிற பொத்தானைக் கண்ணாடி போட்டுத் தேடி அழுத்தினாள். வாழ்க்கையில் அவள் யோசிக்காமல் போட்ட முதல் கையெழுத்து அதுதான்.

"கெடக்கட்டும் சாமி. இன்னுங் கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளி வெய்யி. நல்லாத் தெரியட்டும்."

அவன் ஷூவை நேராக வைத்து, நாடாவையும் கட்டிவிட்டு, வெறுங்காலோடு லாரியில் ஏறினான்.